சிந்தாமணியைத் தேடிச் சென்றவர்கள்

செஞ்சி வட்டாரத்து மலைகளில் தோன்றும் சங்கராபரணி ஆறு வீடூர் வழியாக இறங்கி, வில்லியனூரைத் தொட்டு, புதுச்சேரிக்குத் தெற்கே வங்கக் கடலில் கலக்கிறது. வீடூர் என்றதும் இன்று பலருக்கும் அங்குள்ள அணையே நினைவுக்கு வரும். தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கோ அது தொன்மையான ஊர். கற்றோர் பலரை ஈன்ற ஊர். திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டாரங்களின் சமணச் சிற்றூர்களோடு சேர்த்து எண்ணப்படுவது. தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் பெருந்திருப்பம் ஒன்றில் அவ்வூர்ப் புலவர் ஒருவருக்குப் பங்கு உண்டு. அந்தத் திருப்பத்துக்குக் காரணமான நூல் சீவக சிந்தாமணி.

பழகிய இடத்தை விட்டு வெளியே வருபவனே வளர்கிறான் என்று இக்காலத்தில் இளைஞர்களுக்கு அடிக்கடி அறிவுரை கூறப்படுகிறது. பெரும்பாலும் அது வேலை மாற்றத்தையோ வெளிநாட்டுப் பயணத்தையோ குறித்துச் சொல்லப்படுகிறது. ஊர் மாறுவது எளிது. தான் கற்ற கல்வி எந்த வீட்டு வாயிலை மிதிக்கக் கூடாது என்று பழக்கியதோ, அந்த வாயிலில் மாணவனாகப் போய் நிற்பதுதான் கடினம். சிந்தாமணியின் ஆயிரம் ஆண்டு வரலாற்றில் அத்தகைய செயலைச் செய்தவர்கள் சிலர் உண்டு. அவர்கள் ஒவ்வொருவரும் தம் பழகிய வட்டத்தை விட்டு ஓர் அடி எடுத்துவைத்த போதெல்லாம் அந்நூலும் ஓர் அடி முன்னேறியது.

துறவி பாடிய மணநூல்

முதல் அடியை எடுத்துவைத்தவர் நூலாசிரியராகிய திருத்தக்கதேவரே. சமண முனிவராகிய அவர் மதுரையில் புலவர்களோடு அளவளாவி இருந்தபோது எழுந்த ஒரு பேச்சை மரபுச் செய்தி கூறுகிறது. சமணப் புலவர்கள் துறவையும் நிலையாமையையும் பாட வல்லவர்கள். இன்பச் சுவை அமையப் பாடுதல் அவர்களுக்கு இயலாது என்று சிலர் கூறினராம். தேவர் அதை வாதத்தால் மறுக்காமல், பாடிக் காட்ட எண்ணித் தம் ஆசிரியரிடம் இசைவு வேண்டினார்.

ஆசிரியர் உடனே இசையவில்லை. மாணவரின் மனத்திண்மையை அறிய விரும்பி, அவ்வழியே ஓடிய நரியொன்றைக் காட்டி, அதைப் பொருளாகக் கொண்டு ஒரு நூல் செய்யுமாறு பணித்தார். நிலையாமையை உணர்த்தும் நரிவிருத்தம் அவ்வாறு பிறந்தது என்பர். அதைக் கண்டு நிறைவுற்ற ஆசிரியர், பெருங்காப்பியம் செய்ய இசைந்தார்.

சீவகன் எண்மரை மணந்ததைக் கூறுவதால் மணநூல் என்றும் பெயர் பெற்ற அக்காப்பியம், பதின்மூன்று இலம்பகங்களாக, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுட்களால் அமைந்தது. அரசு, போர், இசை, மணம் என்று உலகியல் முழுவதையும் கடந்து சென்று இறுதியில் துறவில் நிறைவது. தமக்குப் பழகிய துறவுப் பொருளை மட்டும் பாடியிருந்தாலும் தேவர் நல்ல புலவராகவே மதிக்கப்பட்டிருப்பார். பழகாத பொருளைக் கையாண்டும் தம் நோன்பு நிலையில் வழுவாதிருந்ததால் பெருங்காப்பியப் புலவர் ஆனார். எல்லை கடந்தவர் தம் நெறியை இழந்துவிடுவார் என்ற அச்சத்துக்கு அவரது நூலே மறுமொழி.

உரையாசிரியர் மாணவரானது

இரண்டாம் அடி நச்சினார்க்கினியருடையது. மதுரையைச் சேர்ந்த இவர் சைவ அந்தணர். தொல்காப்பியம், பத்துப்பாட்டு, கலித்தொகை ஆகியவற்றுக்கு உரை கண்ட பேரறிஞர். சிந்தாமணிக்கும் உரை வகுத்தார். அவ்வுரையைப் பற்றிய செவிவழிச் செய்தி ஒன்று தமிழ்ச் சமணரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது.

முதலில் எழுதிய உரையை அவர் சமணச் சான்றோர்க்குக் காட்டினாராம். இலக்கணம், சொல்நயம் ஆகியவற்றில் குறை காணாத அவர்கள், ஆருகத சமயக் கருத்துகள் பிறழ உணரப்பட்டுள்ளன என்று கூறி அதை ஏற்கவில்லை. நாடறிந்த உரையாசிரியர் அந்நிலையில் சினந்து விலகியிருக்கலாம்; தம் புகழைக் காட்டி வாதிட்டிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. சித்தாமூருக்குச் சென்று, அங்குள்ள சமண மடத்தில் தங்கி, ஆருகத நூல்களை முறையாகப் பாடங்கேட்டுத் தெளிந்து, உரையை மீண்டும் எழுதினார். அந்த இரண்டாம் உரையே சமணரால் ஏற்கப்பட்டு இன்று வழங்குகிறது என்பது அச்செய்தி.

மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடம் இன்றும் தமிழ்ச் சமணரின் தலைமை மடமாக விளங்குகிறது. அங்குச் செல்லும் குடும்பத்தினர், தமிழின் மிகப் பெரிய உரையாசிரியர்களில் ஒருவர் அவ்வூரில் மாணவராக இருந்தார் என்ற மரபையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். செய்தி மரபு வழிப்பட்டதே ஆயினும், அதில் பொதிந்த கருத்து எக்காலத்துக்கும் பொருந்தும். கற்றவர் மீண்டும் கற்க முன்வருவது, கல்லாதவர் கற்கத் தொடங்குவதினும் அரிது.

இடையில் விழுந்த திரை

இவ்வளவு பெருமை வாய்ந்த நூல், பிற்காலத்தில் பெரும்பாலான தமிழ்ப் புலவர்களின் கண்ணுக்கு எட்டாமற் போயிற்று. அதற்குச் சமயப் பிரிவினை ஒரு காரணம். அநபாய சோழன் சிந்தாமணியில் ஈடுபட்டிருந்ததைக் கண்ட சேக்கிழார், அரசனை அதிலிருந்து விலக்கிச் சிவனடியார் வரலாற்றின்பால் திருப்பினார் என்றும், அதன் பயனாகவே பெரியபுராணம் தோன்றியது என்றும் சேக்கிழார் புராணம் கூறுகிறது. சைவ மடங்களில் கல்வி பயின்ற தலைமுறைகள் இந்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்தன. ஆகவே சிந்தாமணி அவர்களுக்கு அறியாத நூல் என்பதோடு நில்லாமல், அறிய வேண்டாத நூலாகவும் ஆயிற்று.

சமணர் இல்லங்களில் நிலைமை வேறு. அங்கே அது பாராயண நூல். ஒருவர் படிக்க, கற்றவர் பொருள் கூற, குடும்பத்தினர் சூழ்ந்திருந்து கேட்பர். மாதக் கணக்கில் நடக்கும் வாசிப்பு நிறைவுறும் நாளைத் திருநாளாகக் கொண்டாடுவர். ஏடுகள் பழுதுற்றால் மீண்டும் படியெடுத்து வைப்பர். அரசு ஆதரவோ பெரும்பொருளோ இல்லாத ஒரு சிறு சமூகம் அந்நூலைக் காத்த முறை இதுவே.

ஆயினும் காத்தல் ஒன்று, பரப்புதல் ஒன்று. அச்சு இயந்திரம் தமிழ்நாட்டில் பெருகிய பின்னரும் சிந்தாமணி முழுமையாக வெளிவரவில்லை. 1868இல் பவர் என்ற கிறித்தவப் பாதிரியார் முதல் இலம்பகமாகிய நாமகள் இலம்பகத்தை உரையுடன் அச்சிட்டார். எஞ்சிய பகுதி ஏட்டிலேயே இருந்தது. சமணரிடம் நூலும் பொருளும் இருந்தன. வெளியுலகுக்குச் செல்லும் வழி இல்லை. வெளியுலகத்துப் புலவர்களிடம் அவ்வழி இருந்தது. நூலைத் தொடும் மனம் இல்லை. இரு தரப்பாரும் தத்தம் எல்லைக்குள் அமைதியாக இருந்தனர். அந்த அமைதி இன்னும் ஒரு தலைமுறை நீடித்திருந்தால், ஏடுகள் செல்லரித்து நூலின் பகுதிகள் அழிந்திருக்கக் கூடும். வளையாபதியும் குண்டலகேசியும் இன்று சில செய்யுட்களாக மட்டுமே எஞ்சியிருப்பதை எண்ணினால் அந்த இடரின் அளவு புலப்படும்.

1880: ஒரு கேள்வி

உத்தமதானபுரம் வே. சாமிநாதையர் 1880 பிப்ரவரியில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் அன்புக்கு உரியவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என்று அக்காலக் கல்வி எதைப் பெரிதென்று கருதியதோ அதையெல்லாம் நிரம்பக் கற்றவர். நிலையான பதவியும் மதிப்பும் கிடைத்தாயிற்று. அந்த அளவில் நின்றிருந்தால் நல்லாசிரியர் என்ற பெயருடன் வாழ்வு இனிதே கழிந்திருக்கும்.

அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் சந்தித்தார். பின்னாளில், 1885இல், இந்திய மக்களின் குறைகளை எடுத்துரைக்க இங்கிலாந்து சென்ற குழுவில் ஒருவராக விளங்கியவர் இம்முதலியார். அவர் இளம் ஆசிரியரிடம் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறார் என்று வினவினார். சாமிநாதையர் நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. இவற்றையெல்லாம் படித்ததனால் என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்று வினவினார். இல்லை என்பதே உண்மையான விடை.

தாம் கற்றதெல்லாம் தமிழின் ஒரு பகுதிதான் என்பதை ஒருவர் தம் வீட்டுக்கு வந்தவரிடம் இவ்வாறு வெளிப்படையாகச் சொல்லும்போது, கேட்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. சொன்னவரைக் குறை கூறித் தன் பட்டியலோடு திரும்பலாம். அல்லது அந்தப் பெயர் தெரியாத நூலைத் தேடலாம். சாமிநாதையர் இரண்டாம் வழியைத் தேர்ந்தார். முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை எடுத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார்.

தெரிந்த தமிழே தெரியாத தமிழாகிவிட்டது. நூலின் கடவுள் வாழ்த்தே அவர் பழகிய முறையில் இல்லை. கதைப் போக்கு புதிது, சொல்லாட்சி புதிது. நச்சினார்க்கினியர் உரை துணை செய்தாலும், சமணக் கோட்பாடுகள் படிப்பவர்க்கு முன்பே தெரியும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது போல் பல இடங்களில் சுருங்கிச் சென்றது. இலக்கண அறிவும் அகராதியும் அந்த இடங்களைத் திறக்கவில்லை. அவற்றுக்குரிய பொருள் வாழும் மனிதரிடம்தான் இருந்தது.

சமணர் இல்லத்தின் வாயில்

கும்பகோணத்தில் சமணர்கள் வாழ்கின்றனர் என்று நண்பர் ஒருவர் வாயிலாக அவருக்குத் தெரியவந்தது. அவர்களை நாடிச் சந்திரநாத செட்டியார் முதலியோர் வாழ்ந்த பகுதிக்குச் சென்றார். சென்ற நாளில் வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. காரணம் கேட்டபோது, சிந்தாமணி வாசிப்பு அன்று நிறைவுற்றது என்றும், அதற்கான கொண்டாட்டமே அது என்றும் கூறினர். வீடூர் அப்பாசாமி நயினார் என்ற சமணப் புலவர் அவர்களுக்கு அந்நூலைப் படித்துப் பொருள் சொல்லி வந்திருந்தார்.

எந்த நூலின் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் கல்லூரித் தமிழாசிரியர் தவித்தாரோ, அந்நூல் முழுவதும் அதே ஊரில், சில தெருக்களுக்கு அப்பால், இல்லறத்தார் நடுவே பாடமாகி நிறைந்திருந்தது. இரண்டு தெருக்களுக்கும் இடையே இருந்த தொலைவு சில நிமிட நடைதான். அதை அதற்கு முன் எவரும் நடந்து கடக்கவில்லை.

அந்நாள் தொடங்கிச் சாமிநாதையர் அவர்களிடம் ஐயம் கேட்டு அறிபவரானார். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளின் இயல்பு, உயிர்களின் பாகுபாடு, வினைக் கோட்பாடு, தீர்த்தங்கரர் வரலாறுகள், சமவசரணத்தின் அமைப்பு என்று நூலில் வந்த பொருள்களைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவருடைய ஆர்வத்தையும், கேட்ட பொருளை விரைவில் உணர்ந்து கொள்ளும் திறத்தையும் கண்ட சமண அன்பர் அவரைப் ‘பவ்ய ஜீவன்’ என்று பாராட்டினர். வீடுபேற்றுக்குத் தகுதி வாய்ந்த உயிர் என்பது அதன் பொருள். வேற்றுச் சமயத்தார் ஒருவரைச் சமணர் இதற்கு மேல் சிறப்பித்துச் சொல்ல வேறு சொல் இல்லை. சாமிநாதையர் முதலில் அச்சொல்லின் பொருளை அறியாமல், பின்னர் அறிந்து மகிழ்ந்தார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது சாமிநாதையரின் துணிவை மட்டுமே பலரும் பாராட்டுவர். அது முழு உண்மையாகாது. வாயிலைக் கடந்து வந்தவர் ஒருவர் எனில், வாயிலைத் திறந்தவர் ஒருவரும் உண்டு. வந்தவர் சைவ ஆதீனத்தில் வளர்ந்தவர். தங்கள் நூலைப் பழித்த மரபைச் சேர்ந்தவர். ஏட்டைக் காட்டினால் திரித்து எழுதிவிடுவாரோ, ஏளனம் செய்ய வந்திருக்கிறாரோ என்று ஐயுற்றிருந்தால் அவர்களை எவரும் குறை கூற முடியாது. நெடுங்காலத் தாக்குதலுக்குப் பின் ஒரு சிறு சமூகம் தன் கதவைச் சாத்திக்கொள்வது இயல்பு. அதில் ஒரு பாதுகாப்பும் உண்டு. கும்பகோணத்துச் சமணர் அந்தப் பாதுகாப்பை விட்டு வெளியே வந்தனர். ஒரு பொருளைப் பல கோணங்களிலும் காண வேண்டும் என்னும் அநேகாந்தக் கொள்கையை அவர்கள் வாதத்தில் நிறுவாமல், திண்ணையில் பாய் விரித்து நிறுவினர் எனலாம்.

அச்சேறிய சிந்தாமணி

பல ஊர்களிலிருந்தும் ஏடுகள் திரட்டப்பட்டன. சமண இல்லங்களிலிருந்து கிடைத்தவற்றோடு பிற இடத்து ஏடுகளும் சேர்ந்தன. பாடங்களை ஒப்பு நோக்கி, மேற்கோள்களின் இடம் தேடி, அரும்பதங்களைத் தொகுத்து ஆண்டுக் கணக்கில் உழைப்பு நடந்தது. சைவ நெறியில் நின்றவர் சமண நூலைப் பதிப்பிப்பதா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தனர். ஆனால் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் தம் அன்பைக் குறைத்துக்கொள்ளவில்லை. பரந்த மனம் எந்தச் சமயத்துக்கும் தனியுரிமை அன்று என்பதற்கு அவரும் சான்று.

1887இல் சீவக சிந்தாமணி மூலமும் நச்சினார்க்கினியர் உரையுமாக முழுமையாக வெளிவந்தது. பல நூற்றாண்டுகளாகச் சமண இல்லங்களுக்குள் ஒலித்த நூல், வாங்கிப் படிக்க விரும்பும் எவர் கையிலும் சென்று சேர்ந்தது.

இம்முயற்சியால் பதிப்பாசிரியர் பெற்ற ஆதாயம் அவரே எதிர்பாராதது. நச்சினார்க்கினியர் தம் உரையில் பழஞ்செய்யுள் அடிகள் பலவற்றை, நூற்பெயர் சுட்டாமலே மேற்கோளாகக் காட்டிச் செல்கிறார். அவை எந்நூலைச் சேர்ந்தவை என்று தேடப் புகுந்தபோதுதான் எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் சாமிநாதையரின் பார்வைக்குள் முழு உருவில் வந்தன. சிந்தாமணிக்குப் பின் பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல், குறுந்தொகை என்று அப்பணி 1937 வரை நீண்டது. மணிமேகலைக்காகப் பௌத்தத்தையும் அவர் இதே முறையில் கற்றார். அப்பொருள் பற்றித் தனியே உரைநடையும் எழுதினார். சமணர் இல்லத்தில் கற்ற பாடம், தெரியாததைத் தெரிந்தவரிடம் சென்று கேட்பது என்னும் பழக்கமாக அவரிடம் நிலைத்தது.

சங்க இலக்கியத்துக்கு அவர் சென்ற வழி சமணர் தெரு வழியாகவே சென்றது. 1880இல் அந்தத் தெருவுக்குள் நுழையத் தயங்கியிருந்தால், பிற்காலத்தில் உலகம் அறிந்த தமிழ்த்தாத்தா இருந்திருப்பாரா என்பது எண்ணத்தக்கது.

கடற்கரை நகரமும் பாரிசும்

அச்சேறிய நூல் கடல் கடந்தும் சென்றது. அங்கே அதை வரவேற்றவர் பிரெஞ்சிந்தியாவோடு தொடர்புடைய ஒருவர். 1843இல் பிறந்த சூலியன் வின்சோன், தந்தை பிரெஞ்சிந்திய நீதித்துறையில் பணியாற்றியதால் இளமையில் காரைக்காலில் வளர்ந்தவர். அங்கே தமிழைக் காதால் கேட்டும் கற்றும் பழகினார். பிரான்சு திரும்பிக் காட்டியல் பயின்று வனத்துறை அலுவலர் ஆனார். அந்த வேலையிலேயே அவர் ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனால் இளமையில் கேட்ட மொழி அவரை விடவில்லை. பாரிசிலுள்ள கீழ்த்திசை மொழிகள் பள்ளியில் தமிழ் கற்பிக்கச் சென்று, பின்னர் அதன் பேராசிரியர் ஆனார்.

சிந்தாமணிப் பதிப்பைக் கண்ட வின்சோன் சாமிநாதையருக்குத் தமிழிலேயே மடல் எழுதினார். பாரிசு நூலகத்திலுள்ள தமிழ் ஏடுகளைப் பற்றிய செய்திகள் அவ்வாறு கும்பகோணத்துக்கு வந்தன. 1900இல் சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றின் பகுதிகளைப் பிரெஞ்சு மொழியில் பௌத்த, சமணக் கதைகள் என்ற பொருள்படும் தலைப்பில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். திருத்தக்கதேவரின் சீவகன் பிரெஞ்சு பேசியது இவ்வாறுதான்.

புதுச்சேரியில் அந்த மரபு அறுபடவில்லை. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1இல் முடிவுற்றது. மறு ஆண்டே, செயிண்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தோன்றியது. அதை நிறுவிய சான் பிலியோசா கண் மருத்துவராகப் பயிற்சி பெற்றவர். மருத்துவ அறிவோடு இந்திய மருத்துவ நூல்களையும், அவற்றின் வழியே வடமொழியையும் தமிழையும் நாடி வந்தவர். ஆட்சி இருந்த காலத்தில் அதிகாரத்தோடு வந்தவர்களுக்குப் பின், அது நீங்கிய காலத்தில் கற்க வந்தவர் அவர். அந்நிறுவனம் பிற்காலத்தில் தமிழ்நாட்டுச் சமணத் தலங்களைப் படங்களுடன் பதிவுசெய்யும் பணியையும் மேற்கொண்டது. குன்றுகளிலும் வயல் ஓரங்களிலும் கேட்பாரற்றுக் கிடந்த அருகன் திருமேனிகள் பல, இதே கடற்கரை நகரத்து ஆவணங்களில் இடம்பெற்றுள்ளன.

வீடூரிலிருந்து மீண்டும் ஒருவர்

அப்பாசாமி நயினாரின் ஊராகிய வீடூரிலிருந்து அடுத்த தலைமுறையில் மற்றொருவர் புறப்பட்டார். அவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். மேலைத் தத்துவத்தை முறையாகக் கற்று, இந்தியக் கல்விப் பணியில் இடம்பெற்று, கும்பகோணம் அரசுக் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். எந்தக் கல்லூரியின் தமிழாசிரியர் சமணப் பொருள் அறிய வீடூர்ப் புலவரின் அவையைத் தேடிச் சென்றாரோ, அதே கல்லூரியின் தலைமை இருக்கையில் வீடூர்க்காரர் ஒருவர் அமர்ந்தார்.

அவர் பெற்ற பதவியைவிட, பதவி தந்த மொழியறிவை அவர் பயன்படுத்திய விதமே பெரிது. குந்தகுந்த ஆசாரியரின் பஞ்சாஸ்திகாய சாரத்தை 1920இல் ஆங்கில விளக்கத்துடன் வெளியிட்டார். 1936இல் நீலகேசியை வாமன முனிவரின் சமயதிவாகர உரையுடன் பதிப்பித்தார். தமிழிலுள்ள சமண இலக்கியங்களை அறிமுகம் செய்யும் ஆங்கில நூலை 1941இல் தந்தார். சிந்தாமணிக்கு வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. நீலகேசிக்கு உள்ளிருந்தே ஒருவர் வெளியே சென்று, கற்று, திரும்பி வந்தார். முன்னதில் சமணர் கதவைத் திறந்தனர். பின்னதில் சமணர் ஒருவரே கதவுக்கு வெளியே நடந்தார்.

நீலகேசியின் கதையும் இதற்குப் பொருத்தமானதே. முனிச்சந்திரரிடம் அறவுரை பெற்று மனம் மாறிய அவள், பெற்ற அறிவோடு ஓரிடத்தில் அமர்ந்துவிடவில்லை. பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் என்று ஒவ்வொரு சமயத்தாரையும் அவரவர் இருக்கும் இடம் தேடிச் சென்று வாதிட்டாள். எதிராளியின் கொள்கையை முழுதும் கற்றவளாலேயே அவ்வாறு வாதிட முடியும்.

இன்றைய வாயில்கள்

புதுச்சேரியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் கல்விக்காகவும் தொழிலுக்காகவும் ஊர் விட்டு வந்த வரலாறு உடையவை. பிள்ளைகள் பொறியியல் கற்கின்றனர், மருத்துவம் கற்கின்றனர், பிரெஞ்சு கற்கின்றனர், கடல் கடந்து வேலைக்குச் செல்கின்றனர். அவ்வகையில் பழகிய வட்டத்தை விட்டு வெளியே வருதல் அவர்களுக்குப் புதிதன்று.

கேட்க வேண்டிய வினா வேறு. ஆயிரம் ஆண்டு காத்த நூலைப் படித்துப் பொருள் கூறவல்லவர்கள் இன்று எத்தனை வீடுகளில் உள்ளனர்? அன்று ஒரு சைவத் தமிழாசிரியர் ஐயம் கேட்டு வந்தபோது, விடை சொல்ல ஒரு தெருவே ஆயத்தமாக இருந்தது. இன்று ஒருவர் அவ்வாறு வந்து, சமவசரணம் என்பது யாது என்றோ, சீவகன் துறந்த காரணம் யாது என்றோ வினவினால், அவரை ஏதேனும் நூலகத்துக்கு அனுப்பாமல் தாமே திண்ணையில் அமர்த்திச் சொல்லக்கூடிய இல்லங்கள் வேண்டும். வேலைக்காகப் பிரெஞ்சு கற்கும் இளைஞருக்கு வின்சோனின் சிந்தாமணிப் பகுதிகள் எட்டாத தொலைவில் இல்லை. அவற்றைத் திருத்தக்கதேவரின் தமிழோடு ஒப்பிட்டுப் படிக்கத் தமிழ்ச் சமண இளைஞரைவிடத் தகுதியுடையவர் யார்? இப்போது பழகாத வட்டம் தம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது என்பதை அவர்கள் உணர்தல் நலம்.

அதேபோல், பரணில் துணி சுற்றி வைத்த ஏட்டுக்கட்டு எதுவும் இருப்பின், அதைத் தொட அஞ்சாமல் இறக்கி, அறிந்தவரிடம் காட்டி, படம் எடுத்துப் பதிவு செய்தல் கடமை. நம்பிக்கைக்குரிய ஆய்வாளர் வேற்றுச் சமயத்தவராயினும் வேற்று நாட்டவராயினும் தயங்க வேண்டுவதில்லை. அன்று கும்பகோணத்தில் வந்தவரின் சமயத்தைச் சந்திரநாத செட்டியாரும் பிறரும் கேட்டு நின்றிருந்தால் இழப்பு தமிழுக்கு மட்டும் நேர்ந்திராது, சமணத்துக்கும் நேர்ந்திருக்கும்.

பருவந்தோறும் கூடி நடத்தும் விழாக்களில் ஒரு மாலைப் பொழுதைச் சிந்தாமணி வாசிப்புக்கென ஒதுக்கலாம். ஓர் இலம்பகத்தைப் பெரியவர் படிக்க, இளையவர் பொருள் கேட்க, அயல்வீட்டாரையும் அழைத்து அமர்த்தலாம். வாசிப்பு நிறைவுறும் நாளில் முன்னோர் செய்தது போல வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டலாம். தோரணத்தைக் கண்டு, இங்கே என்ன விழா என்று தெருவில் போகும் எவரேனும் கேட்டால், அவரை உள்ளே அழைத்து நூலைக் காட்டலாம்.